முதல் பம்பு வியர்த்தது

புது மாடல் பம்புக்கு முதல் காஸ்டிங் (உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பு) இன்று வந்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதனால் அச்சு எடுக்கப் பயன்படும் மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். எங்கள் பேட்டர்ன் அண்ணன் கணக்கெல்லாம் போடுவதில்லை. சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் ஒன்று வைத்திருக்கிறார். (கடன் கேட்டால் தரமாட்டார்!)

சரி, எங்காவது கசிகிறதா பார்ப்போம் என்று காஸ்டிங்கில் தண்ணீர் நிரப்பி, ஓடும்போது வரும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஓரத்தில் வியர்வை மாதிரி ஈரம். துடைத்தேன், மறுபடி வந்தது. ஊசித்துளை.

அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார். "அச்சுல காத்து போக இன்னொரு வழி வெச்சிருக்கணும் தம்பி."

ஆயிரம் பம்பு ஊற்றிய பிறகு இது தெரிந்திருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. வியாழக்கிழமை மறுபடி ஊற்றுகிறோம்.