ஆச்சிக்கும் ஒரு பங்கு உண்டு

அப்பா இறந்தது 2022 மாசியில், பிசான அறுப்பு முடிந்த கையோடு. சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல், ஊருக்குள் ஒரு வீடு. இரண்டுமே அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவை. "எனக்குப் பொறவு எல்லாம் உங்க அம்மைக்கு. அவளுக்குப் பொறவு நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கிடுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அக்கா, நான், தம்பி மூன்று பேருக்கும் அதில் முழுச் சம்மதம். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. அப்படி இருந்தும் அப்பாவின் அந்த வார்த்தை பத்திரத்தில் ஏற மூன்று வருஷம் ஆனது. "நமக்குள்ள என்ன தகராறா வரப்போவுது, உயில் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். அம்மா, நாங்கள் மூவர் என்று நான்கு பெயர் எழுதியிருந்தேன். விசாரணைக்கு வந்த விஏஓ வாசலில் கட்டிலில் படுத்திருந்த ஆச்சியைப் பார்த்துவிட்டு, "இது சாருக்க அம்மாதானே? இவங்க பேரும் வரணும்லா" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பங்கும் சமபங்கு. ஆக சொத்து ஐந்து பங்கு, அதில் ஒன்று ஆச்சிக்கு.

ஆச்சி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். மகனைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பத்திரத்தை நீட்ட வேண்டாம், வருஷத் திவசம் கழியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எட்டாம் மாசம் ஆச்சியும் போய்விட்டாள்.

அதோடு கணக்கே மாறிவிட்டது. ஆச்சியின் ஐந்தில் ஒரு பங்கு அவளுடைய பிள்ளைகளுக்குப் போகிறது. மும்பையில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அப்பா இல்லாததால் அவர் இடத்தில் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்று. பதினைந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னபோது சித்தப்பா போனிலேயே, "எங்க அண்ணன் சம்பாதிச்ச சொத்துல எனக்கு எதுக்குளா பங்கு? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, வாரேன்" என்றார். இரண்டு நாள் லீவு போட்டு ரயிலேறி வந்தார்.

வந்த அன்று பதிவு நடக்கவில்லை. கிரயப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் 'பாண்டியன்' என்று முடிகிறது, இறப்புச் சான்றிதழில் 'பாண்டி' என்று இருக்கிறது, திருத்தி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆச்சிக்குத் தனியாக வாரிசு சான்றிதழ், அப்பாவின் சான்றிதழில் திருத்தம், சித்தப்பாவுக்கு அடுத்த லீவு, இடையில் நான் டவுனுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் ஏறி இறங்கிய பஸ்... அதையெல்லாம் விவரித்துப் பயனில்லை. பட்டா அப்பா பெயரிலேயே கிடந்ததால் அம்மாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. வளையலை அடகு வைத்துத்தான் கார் பருவ நடவு நடந்தது. அம்மாவின் வெறும் கையைப் பார்க்கிறபோதெல்லாம், அப்பா ஒரே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பாங்கு டெபாசிட் மட்டும் சீக்கிரம் வந்தது, நாமினி தம்பி என்பதால். ஆனால் பாங்கு டெபாசிட்டில் நாமினி என்றால் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்கிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். எல்ஐசி பாலிசி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1983லேயே இதைச் சொல்லிவிட்டது, நெருங்கிய உறவினர் நாமினியாக இருக்கும் இன்சூரன்ஸுக்கு மட்டும் 2015இல் இந்த விதி மாறியது. தம்பி தானாகவே முழுத் தொகையையும் அம்மா கணக்கில் போட்டான்.

கடைசியில் நாங்கள் ஐந்து பேரும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அத்தை கையெழுத்துப் போட்டதுதான் எனக்கு மறக்காது. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியிழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், பிள்ளை இல்லை, பின்கட்டு அறையில்தான் முப்பது வருஷமாக இருக்கிறாள். பேனாவை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி பேனாவை வாங்கி வைத்தாள்.

அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. "ஏட்டி, இருந்த ஒரு பங்கையும் அவ எழுதிக் குடுத்துட்டா. நாளைக்கு நானும் போயிட்டேன்னா அவளுக்கு இந்த வீட்டுல என்ன பிடிமானம்?" என்றாள். நாங்கள் இருக்கிறோமே என்றேன். "உங்க அப்பாவும் அப்படித்தான் வாயால சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அம்மா உயில் எழுதாவிட்டால் சொத்து எங்கள் மூவருக்குத்தான் வரும், அத்தைக்கு ஒன்றும் கிடையாது.

தெரிந்தவர் ஒருவர், இப்போதே பிள்ளைகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள், பின்னால் அலைச்சல் மிச்சம் என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. செட்டில்மெண்ட் எழுதிய அன்றே சொத்து கை மாறிவிடும், நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயில் எழுதினால் அம்மா இருக்கும்வரை எல்லாம் அம்மாவுடையதுதான். எத்தனை தடவையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயம் இல்லை, ஆனாலும் நாங்கள் பதிந்தோம். சாட்சிகள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். இதில்தான் கவனம் தேவை. பின்னால் வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சியில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரித்தாக வேண்டும். அதனால் அம்மாவைவிட வயதில் குறைந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேரைப் பிடித்தோம். எதிர்வீட்டு ஆசிரியை ஒருவர், உரக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர். இருவர் கண்முன்னால் அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்கு 71 வயது என்பதால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சான்று ஒன்றும் வாங்கிச் சேர்த்தோம். சர்வே எண், சக்குபந்தி என்கிற நான்கு எல்லை விவரம் எல்லாம் பட்டாவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். பட்ட பாடு அப்படி.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அவளைத் தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். திருநெல்வேலிச் சொத்துக்குப் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட்டில் சான்று வாங்குவதும் கட்டாயம் இல்லை. உயிலில் உள்ளபடி நடத்திவைக்க எங்கள் மூவரில் அக்காவை நிறைவேற்றுநராக அம்மா போட்டிருக்கிறாள். உயில் இருக்கும் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று மூவருக்கும் சொல்லிவிட்டாள்.

உயில் கைக்கு வந்த அன்று சாயந்தரம் அம்மா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னை வாசிக்கச் சொன்னாள். வீடு தம்பிக்கு, ஆனால் பின்கட்டு அறையிலும் கிணற்றடியிலும் அத்தைக்கு ஆயுள் உள்ளவரை உரிமை, யாரும் தடுக்கக் கூடாது, வயல் வருமானத்தில் வருஷம் இத்தனை மூட்டை நெல் அத்தைக்கு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். அப்புறம், "அந்தக் கிணத்தடி வாரத இன்னொரு தடவ வாசிளா" என்றாள்.