ஆலையைக் கப்பலேற்றிவிட்டு ஏரி வெட்டிய ஊர்

ஜெர்மனியின் ரூர் பகுதிக்குப் போகிறேன் என்றதும், "அங்கே என்ன இருக்கிறது, வெறும் நிலக்கரிதானே?" என்றார்கள். கரிக்காகத்தான் போனேன். எங்கே தங்குவது, எப்படிப் போவது என்று வரிசையாக எழுதத்தான் எண்ணம். ஆனால் டோர்ட்முண்டின் ஃபீனிக்ஸ் ஏரியைச் சொல்லாமல் மேலே நகர முடியவில்லை.

யு41 வண்டியில் ஹெர்டேயில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பாய்மரப் படகுகள், சைக்கிள் பாதை, கரையெல்லாம் வெள்ளைவெளேரென்று பணக்கார வீடுகள். ஒரு காப்பி 4.80 யூரோ. வயிறு எரிந்தது! 2001 வரை இங்கே உருக்காலை ஓடிக்கொண்டிருந்தது. மூடியதும் சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கி, சொந்த ஆட்களைக் கொண்டுவந்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிப் போனது. காலியான இடத்தில் 24 ஹெக்டேருக்கு ஏரி வெட்டி, 2010-இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். ஆலையின் மிச்சமாக, உருக்குக் காய்ச்சிய ராட்சதக் கொப்பரை ஒன்று கரையில் நிற்கிறது. புகையையும் சேர்த்துத்தான் ஏற்றுமதி செய்துவிட்டார்கள் என்று தோன்றியது. கரை ஓரம் நிற்கிற பெரிய பெரிய கார்களுக்கு இரும்பு எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருக்கிறது.

ஆனால் ஏரியை ஒட்டி ஓடும் எம்ஷர் ஆற்றைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் தணிந்தது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்கிக்கொண்டே போனதால், பாதாளச் சாக்கடை போட்டால் குழாய் உடையும். அதனால் ஆற்றையே நேராக்கி, கான்கிரீட் போட்டு, திறந்தவெளிச் சாக்கடையாக்கிவிட்டார்கள். வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாம் நூறு வருடம் போல அதில்தான். சுரங்கங்கள் மூடி நிலம் அசையாமல் நின்ற பிறகு, 1992-இல் மீட்பு வேலை தொடங்கியது. 51 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் போட்டு, 2021 முடிவில் ஆற்றில் கழிவு விழுவதை நிறுத்தினார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். இப்போது நாணலும் வாத்துமாக இருக்கிறது, வாடையே இல்லை. ஆட்சிகள் மாறியும் ஒரே வேலையை முப்பது வருடம் விடாமல் செய்ததற்கு ஒரு கும்பிடு. காசு இருந்தது, செய்தார்கள் என்பதும் உண்மை.

மறுநாள் டூயிஸ்பூர்க். பாதையில் பராமரிப்பாம், ரயிலுக்குப் பதில் பேருந்து. அறிவிப்புப் பலகை சொன்ன இடத்தில் கூட்டமாக நின்றோம். பேருந்தோ தெருமுனை தாண்டி நின்று, நாங்கள் ஓடிப் போவதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்ததில் உட்கார இடமில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. காரை விடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ஊரெல்லாம் எழுதிவைக்கிறார்கள். சரி, விட்டுவிட்டோம். பேருந்தையாவது நிறுத்தத்தில் நிறுத்துங்களேன்! அப்போது 58 யூரோவாக இருந்த மாதச் சீட்டை எடுத்திருந்ததால் கூடுதல் செலவில்லை, அதுவரை நிம்மதி.

லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் பூங்காவுக்கு அனுமதி இலவசம், என் பட்ஜெட்டுக்கு அமுதம்! 1985-இல் மூடிய இரும்பாலையை இடிக்காமல் அப்படியே பூங்காவாக்கியிருக்கிறார் நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ். தாதுக் கிடங்குச் சுவர்களில் பாறையேற்றம் பழகுகிறார்கள், எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரங்கள். ஊதுலையின் உச்சிக்கு ஏறினேன், கிட்டத்தட்ட 70 மீட்டர். மூச்சு வாங்கியது, ஆனால் என்ன காட்சி! ரூர் வானம் மறுபடி நீலமாக வேண்டும் என்று, பின்னாளில் ஜெர்மனியின் பிரதமரான வில்லி பிராண்ட் 1961-இல் பேசியபோது சிரித்தார்களாம். அப்புறம் புகைபோக்கியை உயரமாகக் கட்டி, அழுக்கைத் தூரத்துக்குத் தள்ளினார்கள். 1985 ஜனவரியில்கூடப் புகைமூட்டம் தாங்காமல் இங்கே கார் ஓட்டத் தடை போட வேண்டியிருந்தது. நான் போன அன்று வானம் நீலம்தான். தூரத்தில் இன்னும் ஓடுகிற உருக்காலையின் புகையும் தெரிந்தது.

கீழே வந்து ஒரு தள்ளுவண்டியில் கரிவுர்ஸ்ட், உருளை வறுவலோடு 6 யூரோ. தொத்திறைச்சி மொறுமொறுவென்று, குழம்பில் உண்மையாகவே காரம். இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு இதுதான். வண்டிக்காரரின் சின்ன வயதில், காயப்போட்ட துணி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடுமாம். நிலம் இப்போதும் தாழ்ந்துதான் கிடக்கிறது, சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல். தண்ணீரை இறைக்கும் பம்புகளை நிறுத்தினால் பல ஊர்கள் குளமாகிவிடும். கடைசிக் கரிச்சுரங்கம் 2018-இல் மூடியாயிற்று, பம்புச் செலவுக்கு மட்டும் முடிவே கிடையாது. கரி விற்ற லாபத்தில் இதை யாராவது கணக்கில் கழித்தார்களா?

எஸ்ஸெனில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சோல்ஃபெராயின் சுரங்கத்துக்கும் போனேன். பிரம்மாண்டம்தான், ஆனால் அத்தனை துடைத்துவைத்திருப்பதால் கரியே தெரியவில்லை. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு டூயிஸ்பூர்க் போங்கள். வார இறுதி இரவுகளில் உலைகளுக்கு வண்ண விளக்கு போடுகிறார்கள், 903 டிராம் பூங்கா அருகிலேயே நிற்கும். திரும்பும் வண்டி நேரத்தை மட்டும் முன்பே பார்த்துவையுங்கள்.