இடம்பெயர்ந்த திகதி

இலங்கையின் கிழக்குக் கரையில், போரில் ஊரைவிட்டு ஓடிய சனம் சம்பூரில் மீளக் குடியேறத் தொடங்கிய 2015இலும் அடுத்த வருடமும் நான் திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்தேன். காணி உறுதி, பெர்மிட், பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாம் தொலைத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் வேலை. காலையில் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போவேன்.

அந்தப் படிவத்தில் ‘இடம்பெயர்ந்த திகதி’ என்று ஒரு கட்டம். ஒரேயொரு திகதி எழுதத்தான் அதில் இடம் இருந்தது.

முதல் கிழமையே ஓர் அக்காவின் படிவம் திரும்பி வந்தது. நான் 2006 ஆகஸ்ட் என்று எழுதியிருந்தேன். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தில் 2006 ஏப்ரல் என்று இருந்தது. என்னால் அவருக்கு இன்னொரு நாள் வீணாகிறதே என்று மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. “எது சரி அக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் சரிதான் தம்பி. நீங்க எந்த ஓட்டத்தக் கேக்கிறீங்க?”

2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றைக்கே சம்பூர்ப் பக்கம் விமானத் தாக்குதலும் ஷெல்லடியும் தொடங்கிவிட்டன. அது அந்த அக்காவின் முதல் ஓட்டம். திரும்பி வந்து வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கி இருந்த கையோடு ஆகஸ்ட் ஓட்டம்.

உள்நாட்டுப் போரின் பெரிய சண்டைகள் எவை என்று கேட்டால் முல்லைத்தீவு 1996, ஆனையிறவு 2000, கிளிநொச்சி 2009 என்று அடுக்குவார்கள். திருகோணமலை மாவட்டத்து மாவிலாறு ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2002 போர்நிறுத்தம் காகிதத்தில் இருக்கும்போதே முழுப் போர் மறுபடி மூண்டது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான ஒரு துருசுக் கதவில்தான். 2006 ஜூலை மூன்றாம் கிழமை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டது. சிறுபோக வயலுக்குத் தண்ணீர் அவசியப்படும் நேரம் அது. 15,000 குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது என்று அரசாங்கம் சொன்னது. கீழே வயல் செய்தவர்களில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் இருந்தார்கள். சில நாட்களில் விமானங்கள் வந்தன, பிறகு தரைப்படை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் சண்டை மூதூர் டவுனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்தே போனார்கள். ஏசிஎப் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர் ஊழியர்கள் மூதூரில் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயர் போட்ட டீசேர்ட்டோடு அவர்கள் கிடந்தார்கள். நானும் அப்படியொரு டீசேர்ட் போட்டுக்கொண்டுதான் தினமும் மூதூருக்குள் போய் வந்தேன். அந்த நினைப்பு வராத நாள் இல்லை.

சரி, சம்பூரில் அப்படி என்னதான் இருந்தது? கொட்டியாரக்குடாவுக்குத் திருகோணமலைக் கரையில் கடற்படைத் தளம், எதிர்க்கரையில் சம்பூர். அங்கிருந்து அடிக்கும் ஷெல் துறைமுகத்தில் விழும், ஆகஸ்ட் 1இல் விழுந்தும் இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் போன பிறகு யாழ்ப்பாணத்துக்கான தரைவழி அரசாங்கத்தின் கையில் இல்லை. போர்நிறுத்தத்தில் திறந்த ஏ9 பாதையும் 2006 ஆகஸ்ட் 11இல் மூடப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணத்தில் நின்ற படைக்குச் சாமான், ஆள் எல்லாம் போவதற்குத் திருகோணமலைத் துறைமுகம்தான் முக்கிய வழி. ஆனையிறவில் நடந்த சண்டைக்கான விலையைச் சம்பூர்க்காரர்கள் கொடுத்தார்கள் என்று நான் சொல்வது இதனால்தான். செப்டெம்பர் 4இல் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. அங்கிருந்து அடுத்த ஜனவரியில் வாகரை, ஜூலையில் குடும்பிமலை. கிழக்கு முடிந்ததும் போர் வன்னிக்கு நகர்ந்து 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

இராணுவம் முன்னேறிய அதே வரிசையில்தான் சனமும் ஓடியது. சம்பூரிலிருந்து வாகரை, வாகரையிலிருந்து மட்டக்களப்பு, அப்புறம் கிளிவெட்டி முகாம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டதால் வருடக்கணக்காகத் தகரக் கொட்டில்தான் வீடு.

திரும்பி வந்தபோது பல வளவுகளில் சுவர்கூட மிச்சமில்லை. ஓர் ஐயா தன் காணியைக் கிணற்றை வைத்துத்தான் பிடித்தார். கட்டின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. சீமெந்து பூசும்போது மகன் கை பதித்த அடையாளம் மறுபக்கத்தில் அப்படியே இருந்தது. பற்றையை விலக்கி அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கு முதுகு கொடுத்து நின்று 18 எட்டு நடந்து, “இதுதான் குசினி வாசல்” என்றார். நான் டேப்பைப் பிடித்தபடி பின்னால் போனேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

அக்காவின் படிவத்தை மறுபடி நிரப்பியபோது அந்தக் கட்டத்தில் ‘இணைப்பைப் பார்க்க’ என்று எழுதினேன். வெள்ளைத்தாள் ஒன்றில் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஓட்டமும், எங்கிருந்து எங்கே, எத்தனை பேர் போய் எத்தனை பேர் வந்தார்கள் என்று வரிசையாகப் போட்டேன். 1990 ஓட்டத்தில் தொடங்கிய தாள் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் கொண்டுபோனேன். கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். வாசித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்து முத்திரை குத்தினார்.

“மற்ற ஆக்களுக்கும் இப்பிடியே எழுதிக்கொண்டு வாங்க தம்பி,” என்றார். போகிற வழியில் கடையில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கினேன்.