சாரம் கட்டியிருக்கிறதா? அப்படியானால் கட்டாயம் போங்கள்

உலகப் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்க்கப் போய் வந்தவர்கள் முதலில் புலம்புவது கூட்டத்தைப் பற்றி, அடுத்தது சாரத்தைப் பற்றி. "இவ்வளவு செலவு பண்ணிப் போனோம், பாதிக் கோபுரத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள், ஒரு படம்கூட உருப்படியாக எடுக்க முடியவில்லை" என்று சொல்லாத ஆள் குறைவு. அந்த ஏமாற்றம் நியாயமானதுதான். ஆனால் இந்த மாதிரி இடங்களைத் தேடித் தேடிப் பார்த்ததில் எனக்கு இப்போது சாரம் கட்டிய கட்டடத்தின் மேல்தான் ஆசை அதிகம்.

ஏனென்றால், நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிற எந்தக் கட்டடமும் தானாக நிற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது மேலே ஏறி விரிசலை அடைத்திருக்கிறார்கள், ஒழுகலை நிறுத்தியிருக்கிறார்கள், இற்றுப்போன மரத்தை மாற்றியிருக்கிறார்கள். கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், அப்புறம் வந்து காப்பாற்றியவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அந்த வேலை நம் கண்ணெதிரே நடக்கிறது என்றால் அதைப் பார்க்காமல் முகம் சுளித்துக்கொண்டு திரும்புவது பெரிய நஷ்டம்.

ஏதென்ஸில் இருக்கிற பார்த்தினன் கோயிலையே பாருங்கள். கி.மு. 447இல் வேலை ஆரம்பித்து, கி.மு. 432க்குள் சிற்பங்கள் உட்பட எல்லாம் முடிந்துவிட்டது. 1687இல், உள்ளே ஒட்டோமான் படை சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தின் மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. இதுவரை எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நிக்கோலாஸ் பாலானோஸ் என்ற பொறியாளர் விழுந்து கிடந்த தூண்களைத் திரும்ப நிறுத்தினார். கற்களைப் பிணைக்க இரும்பு போட்டார். இரும்பு போட்டது புதிதில்லை, பழைய கிரேக்கர்களும் இரும்புக் கவ்விகளைத்தான் போட்டார்கள், ஆனால் கவ்வி உட்காரும் பள்ளத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி, தண்ணீரும் காற்றும் இரும்பை அண்டாதபடி மூடினார்கள். பாலானோஸ் போட்ட இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. துரு ஏறியது, துரு ஏறினால் இரும்பு உப்பும், உப்பிய இரும்பு பளிங்கை உள்ளேயிருந்து பிளந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் தாங்கிய கல்லை, காப்பாற்றப் போட்ட இரும்பே சில பத்து வருடங்களில் உடைக்க ஆரம்பித்துவிட்டது!

அதனால் 1975இல் தனியாக ஒரு குழு அமைத்தார்கள். பழைய பழுதுபார்ப்பைப் பிரித்து, இரும்பை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியத்தைப் போட்டு, இடம் மாறி உட்கார்ந்திருந்த கற்களை அதனதன் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சாதாரணக் கட்டடமாக இருந்தால் ஒரு கல்லுக்குப் பதில் இன்னொரு கல் உட்காரும். இங்கே தரையே லேசாக வளைந்தது, நீளவாட்டுப் பக்கத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சுமார் 11 சென்டிமீட்டர் உயரம். தூண்கள் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் சரியாகப் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். மலை மாதிரி குவிந்து கிடந்த துண்டுகளில் எது எங்கே உட்காரும் என்று கண்டுபிடிப்பதற்கே வருடக்கணக்கில் ஆனது.

அங்கே போனால் ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பழைய பளிங்கு தேன் நிறத்தில் மங்கியிருக்கும், நடுநடுவே வெள்ளை வெளேரென்று புதுத் துண்டுகள். அதுவும் அதே பென்டெலி மலைப் பளிங்குதான். இரண்டும் சேரும் கோட்டைக் கவனித்தால், அது நேராக இருக்காது, உடைந்த கல்லின் மேடுபள்ளத்தோடு வளைந்து வளைந்து போகும். ஒட்டுப்போட வசதியாக இருக்கட்டும் என்று பழைய கல்லைச் செதுக்கிச் சமமாக்குவதில்லை, பழைய உடைசலின் அச்சுக்கு ஏற்றபடி புதுக் கல்லைத்தான் செதுக்குகிறார்கள். பழசில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக்கூடாது என்ற கவனம். முதன்முதலில் அந்த வளைந்த கோட்டைப் பார்த்தபோது கோயிலைவிட அந்தக் கல்தச்சர்கள் மேல்தான் எனக்குப் பிரமிப்பு வந்தது.

புதுசு புதுசாகவே தெரிகிறதே, கொஞ்சம் சாயம் பூசிப் பழசு மாதிரி ஆக்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டுமென்றே தெரிய விடுகிறார்கள். பழங்கட்டடங்களை எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்று 1964இல் உருவான சர்வதேச வழிகாட்டியான வெனிஸ் சாசனம், சேர்த்த பகுதி மொத்தக் கட்டடத்தோடு இணங்கிப் போக வேண்டும், ஆனால் அது சேர்த்தது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. பார்க்கிறவரை ஏமாற்றக் கூடாது என்ற இந்தக் கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது.

இதையே பிரமாதமாகக் காட்டுகிற இன்னொரு இடம் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கும் ஃப்ராவன்கிர்ஷே தேவாலயம். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சு நடந்து, தீயில் வெந்து, இரண்டு நாள் கழித்து இடிந்து விழுந்தது. நாற்பது வருடத்துக்கும் மேல் கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் வேலை ஆரம்பித்து 2005இல் திறந்தார்கள். குவியலிலிருந்து எடுத்த கற்களில் ஆயிரக்கணக்கானவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளிர் நிறச் சுவரில் அங்கங்கே கருப்புக் கருப்பாகத் தெரிகிறதே, அதெல்லாம் குண்டுவீச்சைப் பார்த்த கற்கள். உச்சியில் இருக்கும் புதுச் சிலுவையைச் செய்து கொடுத்தவர் லண்டனைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர். அவருடைய அப்பா ட்ரெஸ்டன் மேல் குண்டு போட்ட விமானங்களில் ஒன்றை ஓட்டியவர். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரம் இதற்கு நேர் எதிர். போரில் தரைமட்டமானதை, பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு அப்படியே திரும்ப எழுப்பிவிட்டார்கள், பழசு எது புதுசு எது என்று சட்டென்று தெரியாது. கொள்கைப்படி பார்த்தால் எனக்கு அது சம்மதமில்லை. ஆனால் ஒரு நகரத்தையே அழித்துவிட வேண்டும் என்று நாஜிகள் திட்டம் போட்டு அழித்தபோது, அதை அப்படியே திரும்பக் கட்டியதுதான் அந்த மக்கள் கொடுத்த பதில், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யுனெஸ்கோவும் 1980இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

சரி, கம்போடியாவுக்கு வருவோம். அங்கோருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க முண்டியடிப்பார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாபுவோன் கோயிலுக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் நூற்றாண்டுக் கோயில், உள்ளே மண்ணைக் கொட்டி மேலே கல் அடுக்கியது, மண் நகர நகரக் கல் சரிந்துகொண்டே இருந்தது. 1960களில் பிரெஞ்சு வல்லுநர்கள், முழுசாகப் பிரித்து அடுக்கினால்தான் இதைக் காப்பாற்ற முடியும் என்று முடிவு செய்து, சுமார் 3 லட்சம் கற்களைக் கழற்றி, எண் போட்டு, சுற்றியிருந்த காட்டில் பரப்பி வைத்தார்கள். அதற்குள் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. வேலை நின்றது, கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி வந்தது, எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்த ஆவணங்கள் அழிந்துபோயின.

யோசித்துப் பாருங்கள், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய கோயில், எந்த இரண்டு கல்லும் ஒன்றுபோல் இல்லை, கையில் குறிப்பு எதுவும் கிடையாது. 1995இல் திரும்ப ஆரம்பித்தார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்து, கற்களை அளந்து, ஒவ்வொன்றாக இடம் கண்டுபிடித்து, 2011இல் முடித்தார்கள். ஆரம்பித்ததிலிருந்து கணக்குப் போட்டால் அரை நூற்றாண்டு. மேற்குப் பக்கம் போனால் சுமார் 70 மீட்டர் நீளத்துக்குப் படுத்த நிலையில் ஒரு புத்தர் உருவம் இருக்கிறது, இந்துக் கோயிலின் கற்களையே எடுத்துப் பின்னாளில் அடுக்கியது. பக்கத்தில் நின்றால் வெறும் கல் சுவர்தான், தள்ளிப் போய்ப் பார்த்தால்தான் முகம் பிடிபடும்.

எல்லாப் பழுதுபார்ப்பும் நன்றாக முடிந்துவிடும் என்றும் இல்லை. பைசாவின் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்துகிறோம் என்று 1934இல் அடிவாரத்தில் சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள், கோபுரம் இன்னும் சாய்ந்தது. 1990இல் மூடிவிட்டு, சாயாத பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தார்கள். சாய்வு 5.5 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது, 2001இல் திரும்பத் திறந்தார்கள். கையால் கோபுரத்தைத் தாங்குகிற மாதிரி படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்!

பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தில் சாரமே வில்லனாகிவிட்டது. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தபோது, கூர்முனைக் கோபுரத்தைப் பழுதுபார்க்க ஏற்கெனவே சாரம் கட்டியிருந்தது. தீயின் சூட்டில் அந்தச் சாரத்தின் இரும்புக் குழாய்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அது சரிந்தால் மிச்சமிருக்கிற சுவரும் போய்விடும் என்ற நிலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் அதைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். ஒரு நல்ல விஷயம், கோபுரத்தைச் சுற்றியிருந்த 16 செப்புச் சிலைகளைப் பழுதுபார்ப்புக்காகத் தீ விபத்துக்கு நான்கே நாள் முன்பு கீழே இறக்கியிருந்தார்கள், அவை தப்பித்தன. 2024 டிசம்பரில் திறந்த கட்டடத்தின் மேற்கூரைக்குள், கோடாரியால் செதுக்கிய ஓக் உத்திரங்கள் இருக்கின்றன. தீயில் போனதும் கையால் செதுக்கியதுதான் என்பதால் தச்சர்கள் அந்தப் பழைய முறைக்கே போனார்கள். கீழேயிருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் செய்திருக்கிறார்கள்.

பழுதுபார்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட இடங்களும் உண்டு. மாலி நாட்டில் ஜென்னே பெரிய மசூதி முழுக்க மண் கட்டடம், சுவரிலிருந்து பனைமரக் கட்டைகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும் அவைதான் அதன் நிரந்தரச் சாரம். வருடா வருடம் ஊரே திரண்டு அவற்றின் மேல் ஏறி நின்று புது மண் பூசுகிறது, அது அங்கே பெரிய திருவிழா. ஜப்பானின் இசே கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போய், 20 வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே கோயிலைப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது. வேலியைத் தாண்டிக் கூரை மட்டும்தான் நமக்குத் தெரியும், இருந்தாலும் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற அந்த மனையைத் தவறாமல் பாருங்கள். ஈபிள் கோபுரத்துக்கும் சுமார் ஏழு வருடத்துக்கு ஒருமுறை, 60 டன் வண்ணத்தைத் தூரிகை பிடித்துக் கையாலேயே பூசுகிறார்கள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிளம்பும் முன்பே அந்த இடத்தின் இணையதளத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள், மூடியிருந்தால் பயணத்தை ரத்து செய்யாமல் எந்தப் பகுதி, எதற்காக என்று படித்துவிட்டுப் போங்கள். சாரத்துக்கு வெளியே வைத்திருக்கும் விளக்கப் பலகையை எல்லாரும் தாண்டிப் போவார்கள், நீங்கள் நின்று படியுங்கள். கொலோன் தேவாலயம் மாதிரி சில இடங்களில் கல்தச்சர்களின் நிரந்தரப் பட்டறையே இருக்கிறது. முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல் பின்பக்கமும் ஒரு சுற்று போங்கள், ஒட்டுப்போட்டது பெரும்பாலும் அங்கேதான் நன்றாகத் தெரியும். முக்கியமாக, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் சாரம் மட்டும்தான் இருக்கும், வேலை செய்கிற ஆட்கள் இருக்க மாட்டார்கள்.