வார்டு சிஸ்டர்களை ஆய்வு செய்ய வைப்பது எப்படி? வழிகாட்டுபவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கு ஆய்வில் வழிகாட்டும் பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால், முதல் நாளே ஆய்வு முறையியல் பாடம் எடுக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங்கில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். தினமும் பார்க்கிற தொல்லையை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றும்போது பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் அவர்களுக்குத் தேவை.

"டூட்டியில திரும்பத் திரும்பத் தொந்தரவு தர்ற விஷயம் எது சிஸ்டர்?" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். பல நேரம் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் ஊசிக்குழாய்) என்றே பதில் வரும். கை வீங்குகிறது, வலிக்கிறது, நடுராத்திரியில் மறுபடி குத்த வேண்டியிருக்கிறது. அப்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொல்வேன். கிளேர் ரிக்கார்ட் என்ற நர்சிங் பேராசிரியர் தலைமையில் 3,283 நோயாளிகளிடம் நடந்து, 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வென்ஃப்ளானை மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றிய குழுவிலும், தேவைப்பட்டால் மட்டும் மாற்றிய குழுவிலும் ஃபிளெபைட்டிஸ் (ஊசி போட்ட ரத்த நரம்பில் வரும் அழற்சி) 7 சதவீதம்தான். இதைக் கேட்டதும் "நம்மளால முடியுமா மேடம்" என்ற தயக்கம் பாதி குறைந்துவிடும்.

அப்புறம் கேள்வியைச் சுருக்க வேண்டும். யாரிடம், எந்த வார்டில், எத்தனை நாளுக்குள், எதை அளப்பது என்று கேட்டுக்கொண்டே போனால், "ஆண்கள் சர்ஜரி வார்டில் வென்ஃப்ளான் போட்டவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு 72 மணி நேரத்துக்குள் ஃபிளெபைட்டிஸ் வருகிறது?" என்று வந்து நிற்கும். எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குக்கும் பயப்பட வேண்டாம். சுமார் 30 சதவீதம் பேருக்கு வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடை 5 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கலாம் என்றால் 336 பேர் வேண்டும். 10 புள்ளி என்றால் 84 பேர் போதும். துல்லியம் குறையும்தான். ஆனால் முதல் ஆய்வுக்கு, முடிக்கக்கூடிய 84 பேரே மேல்.

அளவுகோல் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. ஃபிளெபைட்டிஸை அளக்கும் விஐபி ஸ்கோர் 0 முதல் 5 வரை போகும். ஊசி இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் எல்லாம் பார்க்கச் சொல்லும். நம் நோயாளிகள் பலருடைய கருத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுச் சூட்டை மற்ற கையோடு ஒப்பிடுவது, நரம்பின் வழியே விரலை ஓட்டிக் கயிறு போல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பது, "இங்க அழுத்துனா வலிக்குதா ஐயா?" என்று கேட்பது, எல்லாவற்றையும் சேர்ந்து பழகிக்கொள்ளச் சொல்வேன். பிறகு இரண்டு சிஸ்டர்கள் ஒரே கையைப் பார்த்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனிச் சீட்டில் ஸ்கோர் எழுத வேண்டும். இருவரும் ஒத்துப்போகும்வரை தரவு சேகரிக்கத் தொடங்கவே கூடாது.

'சும்மா பார்க்கத்தானே போகிறோம்' என்று, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகக் கூடாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளை வழிகாட்டுபவர் கட்டாயம் படித்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும். தனக்கு ஊசி போடுகிற சிஸ்டரே கேட்டால் நோயாளிக்கு மறுக்க மனம் வராது. ஆகவே ஒப்புதலைப் பக்கத்து வார்டு சிஸ்டர் வாங்குவது நல்லது. புதிதாக ஒரு சிகிச்சை முறையைச் சோதிப்பதானால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது.

நேரம்தான் பெரிய சிக்கல். நைட் டூட்டி முடித்தவரை மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் வார்டுக்குப் போங்கள். ஆய்வுக்கான நேரத்தை டூட்டி லிஸ்டிலேயே ஒதுக்கித் தரும்படி நர்சிங் சூப்பிரண்டண்டிடம் முன்கூட்டியே பேசுங்கள். தரவுப் படிவம் நின்றபடியே நிரப்பக்கூடிய அரைப் பக்கத்தில் அடங்கட்டும். அடிப்படைகளைப் புதுப்பிக்க விரும்புபவர்களுக்கு, சென்னையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடிஇஎல் என்ற இணையவழிக் கல்வித் தளம் வழியாக நடத்தும் சுகாதார ஆய்வு அடிப்படைப் படிப்பு நல்ல துணை.

கட்டுரையில் பெயர் வரிசையைத் தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். கேள்வியைக் கேட்டு, தரவைச் சேர்த்து, முதல் வரைவையும் எழுதிய சிஸ்டரின் பெயர்தான் முதலில் வர வேண்டும். பதவியில் பெரியவர் என்பதற்காக யார் பெயரையும் முன்னால் போடச் சம்மதிக்காதீர்கள். சிஸ்டர் தயங்கினாலும் அவருக்காக நீங்கள் பேசுங்கள்.