பெரியம்மாவோடு வார்லிக்கும் அடிஷத்துக்கும்

"ஆண்டவர் பேசினார்" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது சொன்னால், கேட்பவர்கள் "என்ன பேசினார்?" என்று முதலில் கேட்பதில்லை. "நீங்க எந்தச் சபை?" என்றுதான் கேட்பார்கள். சபை தெரிந்தால் போதும், அவர் கனவில் பேசியிருப்பாரா, பிரசங்கத்தில் பேசியிருப்பாரா, பாஸ்டர் வாயால் பேசியிருப்பாரா என்று இவர்களே ஊகித்துக்கொள்வார்கள். என் பெரியம்மா பெந்தெகொஸ்தே. நான் கத்தோலிக்கன். இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து இரண்டு பேருமாக இரண்டு இடத்துக்குப் போவதென்று கிளம்பினோம். ஒன்று வார்லி என்கிற அங்கிலிக்கன் கோயில், மற்றது அடிஷம் என்கிற பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். இரண்டுமே எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாததால் சண்டை வராது என்பது என் கணக்கு.

ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டி நோர்வூட் பக்கம் போகிற வழியில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி தேயிலைக்கு நடுவே நிற்கிறது வார்லி கோயில். கருங்கல் சுவர். 1878இல் இந்தப் பக்கத்துத் துரைமார் சேர்ந்து கட்டியது. 1869இல் கோப்பிச் செடிக்கு வந்த நோய் தோட்டம் தோட்டமாகப் பரவி, கோப்பி செத்துத் தேயிலை தலையெடுத்த காலம் அது. கையில் காசு சுருங்கிய நேரத்தில் கல்லில் கோயில் கட்டியிருக்கிறார்கள். கீழே தெரிகிற தண்ணீர் அதற்கெல்லாம் பிந்தியது. 1965இல்தான் அணை வந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் தண்ணீரும் கோயிலும் ஒன்றாகப் பிறந்த மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

கோயிலைச் சுற்றிக் கல்லறைகள். பெரியம்மா குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கிலீசு எழுத்து அவருக்கு வராது, இலக்கம் வரும். பிறந்த வருசத்தை இறந்த வருசத்திலிருந்து கழித்து, "இது சின்னப் புள்ளடா தம்பி" என்று ஒரு கல்லைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து, "இவங்களோட ஆண்டவர் இங்கிலீசுல பேசுனாரு. நம்ம ஆளுங்களுக்கு யாரு பேசுனா?" என்றார்.

கேள்வி நியாயமானது. அதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய ஒரு மிசன், தோட்டத் தொழிலாளருக்கென்றே தமிழில் வேலை செய்தது. அன்றைய வழக்கப்படி 'தமிழ்க் கூலி மிசன்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இன்றைக்குச் சொல்லக் கூசுகிறது, ஆனால் பெயர் அதுதான். அதற்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அவர்கள் பேசுகிற தமிழிலேயே வேதத்தைச் சொன்னவர்கள் அந்த உபதேசிமார். கல்லில் கட்டிய கோயில்களில் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன. உபதேசிமாரில் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

"அப்ப நடந்து வந்துதான் பேசியிருக்காரு" என்றார் பெரியம்மா.

கோயில் முகப்பில் உட்கார்ந்து கொண்டுபோன ரொட்டியைப் பிரித்தோம். தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. பெரியம்மாவுக்கு வேதத்துத் தீர்க்கதரிசி எலியாவின் ஞாபகம் வந்துவிட்டது. காற்று அடித்தால் அவருக்கு எப்போதும் எலியாதான். ஓரேப் மலையில் எலியா நிற்கிறார். மலைகளைப் பிளக்கிற பெருங்காற்று, அதில் கர்த்தர் இல்லை. பூமியதிர்ச்சி, அதிலும் இல்லை. அக்கினி, அதிலும் இல்லை. அதற்குப் பிறகுதான் "அமர்ந்த மெல்லிய சத்தம்". இதைச் சொல்கிறவர் சத்தம்போட்டு ஜெபிக்கிற சபையிலிருந்து வந்தவர் என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. ரொட்டி அவர் கையில் இருந்தது.

பழைய ஏற்பாட்டை எடுத்துக்கொண்டால் கடவுள் ஒரே வழியில் பேசினதே இல்லை. மோசேக்கு எரிந்தும் வெந்துபோகாத முட்செடி. யோசேப்புக்குக் கனவு. கிதியோனுக்கு ஈரமான ஆட்டுத்தோல். பிலேயாமுக்கு அவனுடைய கழுதையே வாய் திறந்தது. எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை, ஆனாலும் அதை வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பேசாமல் இருந்த காலமும் உண்டு. சாமுவேல் சிறுவனாக இருந்த நாட்களில் கர்த்தருடைய வசனம் அபூர்வமாக இருந்தது என்று அந்தப் புத்தகமே ஒத்துக்கொள்கிறது. எபிரெயர் நிருபம் இதையெல்லாம் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" என்று இரண்டே சொல்லில் அள்ளிவிட்டு, கடைசியில் குமாரன் மூலமாகப் பேசினார் என்று முடிக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடு மையம் இதுதான். ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானே வந்துவிட்டார்.

அடுத்தது அப்புத்தளை. ஹட்டனில் கோச்சி ஏறினோம். சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டில் இளவட்டங்கள் வழக்கம்போலக் கூவினார்கள். தலவாக்கலை, நானுஓயா தாண்டிப் பட்டிப்பொல வரும்போது பெரியம்மா சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். இந்தப் பாதையில் ஆக உயரத்தில் இருக்கிற ஸ்டேசன் அதுதான். நான் அந்த நேரம் பார்த்து என் கட்சிக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் புனித யோசேப்பு வாஸ்.

கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த 1687இல், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் போனதும் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அடைபட்ட இடத்தில் சிங்களம் கற்றார். பிறகு கண்டியில் கடும் வறட்சி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் கேட்டுக்கொள்ள, இவர் வெட்டவெளியில் பீடமும் சிலுவையும் வைத்து ஜெபித்தார், மழை கொட்டியது, பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்று சொல்லப்படுகிறது. அடுத்து அம்மை நோய் பரவி ஊர் ஓடியபோது, நோயாளிகளோடு நின்றவர் இவர். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

மழைக் கதைக்குப் பெரியம்மா அல்லேலூயா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "மழையா பெருசு? மழை நமக்கு வேணும்கிறப்பவும் பெய்யுது, வேணாம்கிறப்பவும் பெய்யுது. ஜெயில்ல உக்காந்து பாஷை படிச்சாரு பாரு, அதுலதான்டா ஆண்டவர் இருக்காரு" என்றார். இத்தனை வருசம் அந்தக் கதையை மழைக்காகவே சொல்லிவந்தவன் நான். எனக்கு இப்போது அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது.

அப்புத்தளையிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில் அடிஷம். ஏறுவழி என்பதால் த்ரீவீலர் பிடித்தோம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் இங்கிலாந்தின் பழைய மாளிகை மாதிரி கட்டிய கல் பங்களா. 1960களின் தொடக்கத்தில் சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமானது. இந்தச் சபையார் 1845 முதல் இலங்கையில் இருப்பவர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் ரோசாத் தோட்டத்துக்கும் ஜாம் போத்தலுக்கும்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை, ஜாம் நல்ல ஜாம்.

புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய மட விதிநூல், 'மகனே, செவிகொடு' என்றுதான் தொடங்குகிறது. அதில் எனக்குப் பிடித்தது மூன்றாம் அதிகாரம். முக்கியமான காரியம் வந்தால் மடத்தலைவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் பல நேரம் ஆண்டவர் இளையவனுக்குத்தான் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்கிறது அது. கிழட்டு ஆசாரியன் ஏலியை விட்டுவிட்டுச் சிறுவன் சாமுவேலைக் கூப்பிட்ட அதே வழக்கம். நம் சபைகளிலும் பங்குகளிலும் நடக்கிற கமிட்டிக் கூட்டங்களில் இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுத் தொடங்கினால் எத்தனை சண்டை மிஞ்சும் என்று யோசித்ததுண்டு.

சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். துறவிகள் வேதத்தை வாசிக்கிற முறையை வெளியே வந்து பெரியம்மாவுக்குச் சொன்னேன். ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசிப்பது. மாடு அசைபோடுகிற மாதிரி அதையே மனதில் மெல்லுவது. அதை வைத்து ஜெபிப்பது. பிறகு சும்மா இருப்பது. 12ஆம் நூற்றாண்டில் குய்கோ என்ற துறவி இதை நான்கு படியுள்ள ஏணியாக எழுதிவைத்தார்.

"இது நான் செய்யிறதுதானே" என்றார் பெரியம்மா. அவருடைய முறை இது: மலையில் கொழுந்தெடுத்த காலத்தில், இடுப்புப் படங்கில் போனைச் செருகி, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டி, ஒலி வேதாகமம் கேட்பார். மற்றக் காது கங்காணிக்கு. ஒருநாள் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் ஓடியிருக்கிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிற இடம். அப்போது அடுத்த காம்பராக்காரியோடு தண்ணிப் பைப்புத் தகராறில் பேச்சில்லை. "குரல் ஒண்ணும் கேக்கல தம்பி. வானம் தொறக்கல. அந்த வசனம் மட்டும் விட்டபாடில்ல. ரெண்டு நாளா கூடையில கொழுந்து விழுது, மனசுல அது விழுது." மூன்றாம் நாள் பின்னேரம், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் வைத்து அந்தப் பெண்ணிடம் முதல் வார்த்தை பேசியவர் பெரியம்மாதான். தகராறு தீர்ந்ததா என்று கேட்டேன். "பைப்பு தகராறு இன்னைக்கும் இருக்கு. பேசிக்கிட்டே தகராறு பண்றோம்."

அவருடைய சபையில் தீர்க்கதரிசனம் உண்டு, ஜெபத்தில் தெரியாத மொழியில் பேசுகிற அந்நியபாஷை உண்டு. ஆவியானவர் இன்றும் அப்படிப் பேசுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. என் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில் மறுபடி சொன்னது வேறு: கிறிஸ்துவுக்குப் பிறகு எல்லாருக்குமான புதிய வெளிப்பாடு என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. லூர்து, பாத்திமா போன்ற இடங்களில் மாதா தோன்றிய காட்சிகளைத் திருச்சபை ஏற்றாலும், அவை விசுவாசத்தின் அடித்தளத்தோடு சேர்வதில்லை. வேதம் எழுதி முடிந்ததோடு அந்த வரங்களும் நின்றுவிட்டன என்கிற சபைகளும் இருக்கின்றன. இதை நான் விளக்கினால் பெரியம்மா கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ ஒரு கதை சொன்னார். அவர் லயத்துப் பையன் ஒருவனுக்கு, வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், மூன்று மாதத்தில் கட்டாரில் வேலை என்று தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறார். வீட்டார் நகையை அடகு வைத்துப் பாஸ்போட் எடுத்தார்கள். வேலை வரவில்லை. "உபாகமம் பதினெட்டுல இருக்கே. சொன்னது நடக்காட்டி அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்ல. அந்த ஆள் திரும்ப வந்தப்ப நான் காணிக்க போடல."

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். நாங்கள் முதல் பாதியை மறந்தோம், அவர்களில் சிலர் இரண்டாம் பாதியை மறந்தார்கள் என்றேன். "நீ ரெண்டையும் மறந்துட்டு கோச்சிய விட்றாத" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அடிஷத்தைச் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாட்கள், பாடசாலை விடுமுறைக் காலங்களில் பொதுமக்கள் பார்க்கலாம். உள்ளே போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். வார்லிக்கு ஞாயிறு காலையில் போனால் ஆராதனை நடக்கலாம், அப்போது கமெராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின் வாங்கில் உட்காருங்கள். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.