ஐந்தாம் அறைக்காரன்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி அதன் செயலாளர் மூன்றாவது தடவையும் அழைத்தார். "கல்லூரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் 'மேசோன் இக்கோகு' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "எதையாவது எழுதித் தா அண்ணை" என்றார். ஆகவே பழி அவருக்கு.

உயர்தரப் பரீட்சையில் முதல் ஷையில், அதாவது முதல் தடவையில், கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் ஷைக்கு விடுதியிலிருந்து படித்தேன். படித்தேன் என்று சொல்வது வீட்டுக்காக. விளக்கணைத்த பிறகு மெழுகுதிரியோடு புத்தகத்தைத் திறந்தால், 304 சீட்டு விளையாட இடம் தேடுகிறவர்கள் நேரே என் கட்டிலுக்குத்தான் வருவார்கள். இரண்டாம் தடவையும் புள்ளி போதவில்லை.

1986 வசந்தத்தில் டோக்கியோவில் மொழிப் பள்ளி மாணவனானேன். நாலரைப் பாய் விரிக்கும் அளவு அறை, பொதுக் கழிப்பறை, குளிக்கத் தெருக்கோடிக் குளியலகம். புதன்கிழமை இரவு ஏழரைக்கு வீட்டுக்கார அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் தந்து, தொலைக்காட்சியைப் போடுவார். ஃபுஜி தொலைக்காட்சியில் 'மேசோன் இக்கோகு' அசையும் சித்திரத் தொடராக அந்த மார்ச்சில்தான் தொடங்கியிருந்தது. ரூமிக்கோ தக்காஹாஷி 1980 முதல் வரைந்துவந்த கதை. அதே நேரத்தில் அதுவரை ஓடியதும் அவருடைய 'உருசேய் யாட்சுரா'தான். வருடக்கணக்கில் ஓடியும் அதில் பிள்ளைகள் வளரவே மாட்டார்கள்.

இதில் வளர்ந்தார்கள். மணிக்கூடு ஓடாத பழைய மரவீடு ஒன்று. ஐந்தாம் அறையில் கொதாய் என்ற பையன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும் அவனை 'ரோனின்' என்பார்கள். எஜமான் இல்லாத சாமுராய்க்கு இருந்த பழைய பெயர். எங்களுக்கு வாய்த்ததோ 'செகண்ட் ஷை'.

அவன் புத்தகத்தை விரித்ததும் மற்ற அறைக்காரர்கள் மதுப் போத்தல்களோடு உள்ளே வந்துவிடுவார்கள். ஒன்றாம் அறை அம்மா விசிறியோடு ஆடுவார். நாலாம் அறைக்காரர் சுவரில் துளை போட்டே வருவார். எங்கள் விடுதியைத் தக்காஹாஷி எங்கே பார்த்தார் என்று நினைத்தேன். பொறுக்க முடியாமல் அவன் பெட்டி கட்டும்போது புதிய பராமரிப்பாளராகக் கியோகோ வந்து நிற்கிறாள். பெட்டி அவிழ்கிறது.

அவள் இளம் விதவை. வளர்க்கிற நாயை "சொய்ச்சிரோ சான்" என்று மரியாதையாக அழைப்பாள். அது இறந்துபோன கணவரின் பெயர். என் அரைகுறை மொழியில் யார் நாய், யார் மனிதர் என்று பல வாரம் குழம்பினேன். கொதாயும் குழம்பியவன்தான், அது ஒரு ஆறுதல்.

ஜப்பானிய எண்களைப் படித்தது இவர்களின் குடும்பப் பெயர்களில்தான். இச்சினோசேயில் ஒன்று, யோட்சுயாவில் நான்கு, கொதாயில் ஐந்து, ரொப்போங்கியில் ஆறு. குடியிருப்பதும் அதே எண் அறைகளில். கியோகோவின் குடும்பப் பெயர் ஒதொனாஷி. 'நாஷி' என்றால் இல்லை, அதாவது பூச்சியம். புத்தகத்தில் இருந்த இரண்டாம் அறை மாணவனைத் தொலைக்காட்சியில் விட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டு எப்போதும் தடுமாறியது அதனாலோ என்னவோ.

வீட்டுக்கார அம்மா கதையைப் புத்தகமாகவும் படித்துவந்தார். 1987 ஏப்ரலில் இதழில் கதை முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் 96ஆவது பகுதியோடு முடிந்தது 1988 மார்ச்சில். இடையில் ஒரு வருடம் முழுக்க, "கல்யாணம் நடக்குமா?" என்று நான் கேட்க, "கஞ்சி படி, தெரியும்" என்பதுதான் பதில். எங்கள் ஊரில் கஞ்சியைக் குடிப்போம், அங்கே அது எழுத்து. எனக்கு அப்போது இருநூறுகூடத் தெரியாது.

கடைசியில் பதினைந்தாம் தொகுதியைத் தந்தார், அகராதியோடு உட்கார்ந்தேன். கொதாய் பாலர் பள்ளி வேலைக்குச் சேர்ந்தாயிற்று. சொய்ச்சிரோவின் கல்லறைக்குத் தனியாகப் போய், கியோகோவின் மனதில் நீங்களும் ஒரு பகுதி, உங்களையும் சேர்த்தே அவரை ஏற்கிறேன் என்று சொல்கிறான். கியோகோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தைக் கடக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி இரு" என்றார். மார்ச் வரை அப்படியே இருந்தேன்.